பக்கத்து இருக்கை பிரேக்

மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும், வீட்டில் தங்கிப் படிக்கும் வெளிநாட்டு மாணவி சூடான டம்ளரை விளிம்பில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான். வாய் ஒன்றும் சொல்லாது, கால் சொல்லிவிடும். "இங்க ஏதுங்க பிரேக்கு? இது சாப்பாட்டு மேசை" என்று சொல்லிக்கொண்டே வீட்டம்மா டம்ளரை உள்ளே நகர்த்தி வைப்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொன்று. ஊரார் பிள்ளைகளின் அவசரத்தையெல்லாம் காலமெல்லாம் அந்த ஒற்றைக் காலால் நிறுத்தி வந்த மனிதர். பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. பிரேக் மாஸ்டர் என்றால் அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். சாலையைக் கடக்கிற முன்பின் தெரியாத ஆளின் முழங்கையைப் பிடித்து இழுத்து, "பார்த்துப் போங்க" என்பார். அதற்குத் திட்டு வாங்கியதும் உண்டு. வாங்கினாரே தவிர, விட்டபாடில்லை.

மகன் வேலைக்கு வெளியூர் போனபின் அவன் அறை காலியாகக் கிடந்தது. வெளிநாட்டு மாணவர்களைத் தங்கவைக்கக் கல்லூரியில் வீடு தேடியபோது, "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்" என்றார். "நம்ம பிள்ளை வளர்ந்து வேலைக்கே போயாச்சு" என்றார் வீட்டம்மா. அதற்குள் மாஸ்டர் மெத்தையை வெயிலில் போடத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வந்தவள் உயரமான பெண். தன் நாட்டிலேயே நம் மொழியைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தவள். எங்கே போகிறாய், யாரோடு, எப்போது வருவாய்? இந்த மூன்றையும் கேட்காமல் மாஸ்டர் அவளை வாசல் தாண்ட விட்டதில்லை. மாலையானால் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். "தற்செயலா இந்தப் பக்கம் வந்தேம்மா" என்பார். தினமும் தற்செயல்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தது. அந்தப் பெண் வேறு வீடு கேட்கிறாளாம். மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. "நான் என்ன குறை வெச்சேன்?" என்று வீட்டம்மாவிடம் பாய்ந்தார்.

"என்னைக் கேட்டா? அவளைக் கேளுங்க."

கேட்டார். அவள் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். "எங்க ஊர்ல என் வயசுப் பொண்ணுக்காக யாரும் பஸ் ஸ்டாப்புல காத்திருக்க மாட்டாங்க. காத்திருந்தா, என்னை நம்பலைன்னு அர்த்தம். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பா?" என்றார் மாஸ்டர். "காத்திருக்க ஆள் இல்லாதவங்களைத்தான் நாங்க பாவம்னு சொல்லுவோம்மா."

இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. "உங்க பையனுக்கும் நிப்பீங்களா?" என்றாள்.

"அவன் வெளியூருக்கு ஓடினதே அதுக்குத்தான்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. வீட்டம்மா விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் அது போய்த் தைத்த இடம் வேறு.

"இன்னும் ஒரு வாரம் இருந்து பாக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

அந்த வாரம் அவர் நிறுத்தத்துக்குப் போகவில்லை. மாலை வேளைகளில் வீட்டுக்குள்ளேயே குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை அவள் முதுகில் பெரிய பையோடு வாசலில் நின்றாள். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. மேசையருகே இருந்த மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். கால் தரையை அழுத்தத் தொடங்கியது. அவர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிப் போட்டுச் சம்மணமிட்டார்.

அவள் கேள்விகளுக்காகக் காத்து நின்றாள்.

"போயிட்டு வாம்மா" என்றார், அவ்வளவுதான்.

படியிறங்கிப் போனவள் திரும்பி வந்து தலையை நீட்டினாள். "மலைக்குப் போறேன். தனியாத்தான். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்."

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். தெருமுனையில் பஸ் வந்து நின்று, புறப்பட்டு, அதன் சத்தம் தேய்ந்து மறையும்வரை, வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.