ஐஸ்காரியின் ஒற்றை இழைகள்

ஐஸ் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க, உருகுது!" என்று ஆய்வுக்கூடத்து நடையில் ஓடி வருகிறாள். எதிரே ஆய்வுக்கூடத் தலைவி மேடமே வந்தாலும் அதே அதட்டல்தான்.

விரல்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். யாராவது கொட்டாவி விட்டால் பின்னங்கழுத்தில் வைத்து அலற விடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் ஐஸ்காரி. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேசைக்காரர்கள். எனக்கு அவளைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வேலை இதுதான். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. இரட்டை இழையாக இருக்கும். நன்றாகச் சுட வைத்தால் இரண்டும் பிரியும். உடனே ஐஸில் அமுக்க வேண்டும், மெல்ல ஆற விட்டால் பழைய ஜோடி மறுபடி சேர்ந்துகொள்ளும். அமுக்கிவிட்டால் ஒற்றை இழை தன்மேலேயே மடங்கி ஒரு வடிவத்துக்கு வரும். அதன் மரபுக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மடிப்பு மாறும், மின்சாரம் செலுத்திய ஜெல்லில் அது ஓடும் வேகமும் மாறும். அந்த வேகத்தை வைத்துத்தான் கோளாறைப் பிடிக்கிறோம்.

"துணை போயிட்டா சும்மா நீட்டி நிமிர்ந்து கிடக்கும்னு நினைச்சியா? தன்னைத்தானே கட்டிப் புடிச்சுக்கும்பா, பாவம்" என்பாள்.

அவள் ஜெல்லில் இழைகள் ஓடி நின்ற கோடுகள் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். என்னுடையது யாரோ ஈரக்கையால் தேய்த்த மாதிரி. ரகசியம் கேட்டால், "அதுங்ககூட பேசணும்" என்று சிரிப்பாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் பேசிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டு. ஒரு மண்ணும் நடக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் மேசையில் ஒருவருக்குத்தான் வேலை. வெள்ளிக்கிழமை ஜெல்லைப் பார்த்து மேடம் முடிவு சொல்வார். என் வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன். அவள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை.

புதன்கிழமை அவள் வெளியே நின்று, அப்பாவுக்கு எந்த மாத்திரை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சூடேற்றியின் மணி அடித்தது. உள்ளே அவளுடைய மாதிரிக் குழாய். கையை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறட்டும் என்றுதான் இருந்தது.

வந்தவள் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மணி அடிச்சது காதுல விழலையா?"

"இல்லையே."

"சரி விடு. திரும்பச் சுட வச்சா பிரிஞ்சுடும். இதுங்க எதையும் மனசுல வச்சுக்காது."



வெள்ளிக்கிழமை கடைசி ஓட்டம். தவறினால் மறுபடி செய்ய நேரமில்லை. சூடேற்றியில் எங்கள் இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில். என் ஜெல்லின் கண்ணாடித் தட்டு ஒழுகத் தொடங்க, இரு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். அப்போது பார்த்து மணி அடித்தது. என்னால் அசைய முடியவில்லை. கூப்பிடவும் வாய் வரவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஐஸோடு ஓடி வந்து மூடியைத் திறந்தாள். மூடி திறந்ததுமே குழாய்கள் ஆறத் தொடங்கும். இடுக்கி ஒன்றுதான், ஒரு தடவைக்கு ஒரு குழாய்தான் எடுக்கலாம். அவள் குழாய் முன்னால் இருந்தது. அதைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னாலிருந்த என்னுடையதை முதலில் எடுத்து, ஐஸில் அடிவரை அமுக்கினாள்.