மீனாட்சி அக்கா வரைந்த படங்கள்

அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். காய்ச்சலோடு கண்டரமாணிக்கத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்த மீனாட்சி அக்கா காலையில் இறந்துவிட்டாராம். நான் முதலில் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. “அப்ப படம்?” என்றேன்.

“படம் வரையிறது சோமுதானே, அதுக்கென்ன இப்ப?” என்றார் அப்பா.

இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தீர்கள். செக்காலையில் சோமு அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடும் நம் கலைச் சங்கத்துக்கு மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை. ஒரே பிரதி, வீடு வீடாகப் போகும். அதை அழகான கையெழுத்தில் எழுதுவது என் வேலை. கதையை எழுதி, படத்துக்குக் கட்டம் போட்டு, அடியில் ‘படம்: சோமு’ என்றும் எழுதிவிடுவேன். படத்துக்கு முன்பே பெயர் வந்துவிடுவது நம் வழக்கம். சனிக்கிழமை அந்தத் தாள்களை அவர் மனைவி மீனாட்சி அக்காவிடம் அடுப்படியில் கொடுப்பேன்.

அக்கா நகைக்கு மாதிரி வரையும் வீட்டில் பிறந்தவர். மனைப்பலகையில் தாளை வைத்து என் கண் முன்னாலேயே வரைவார். ஆட்களைப் பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத்தான் போடுவார். கூடத்தில் இருந்த உங்களை அடுப்படியிலிருந்து அவர் பார்த்தது அப்படித்தான். முதுகை வைத்தே மனிதனைச் சொல்லிவிடுகிறார் சோமு என்று உங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். அக்கா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து வந்த ஓர் ஓவியர் தம் எதிரிலேயே சோமு அண்ணன் வரைய வேண்டும் என்று விரும்பினார். அன்று அண்ணன் கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் பரிதாபப்பட்டீர்கள். அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “துணி கிழிச்சுக் கட்டிவிட்டது நாந்தான். இடது கைய நீட்டுறாக. வரையிறது வலது கையாலன்னு நான்ல ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

போன மாதம் அவர் சிரிக்கவில்லை. “அடுத்து வரையிற ஒரு படத்துக்கு மட்டும் அடியில எம் பேர எழுதேன், கமலா” என்றார். பத்திரிகை ஆசிரியரைக் கேட்க வேண்டும் என்றேன். நான் கேட்கவில்லை, பயம். மறுவாரம் ‘படம்: சோமு’ என்று எழுதிய தாளையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்தார். “சரி, வச்சுட்டுப் போ” என்றார். படத்தை வரைந்தும் கொடுத்தார்.

இரங்கல் கூட்டத்தில் சோமு அண்ணன் எழுந்து, “அவ போனதோட என் தூரிகையும் போச்சு. இனிமே வரைய மாட்டேன்” என்றார். எத்தனை பேர் அழுதீர்கள். மனைவிக்காகக் கலையையே துறந்தவர் என்று ஒருவர் கவிதை வாசித்தார். அக்காவைப் பற்றிப் பேசியவர்கள் காபியைப் பற்றிப் பேசினார்கள். முகம் சுளிக்காத உபசரிப்பு என்று அரைப் பக்கம் எழுதும்படி ஆசிரியர் என்னிடம் சொன்னார்.

அரைப் பக்கம் தாண்டிவிட்டது. காபியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அவர் கேட்ட ஒரே ஒன்றைச் செய்யாத வெட்கம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. பழைய இதழ்களை வைத்திருப்பவர்கள் பேனாவை எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் சோமு என்பதை அடித்துவிட்டு மீனாட்சி என்று எழுதுங்கள். அழகான எழுத்தாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். அது என் கையெழுத்து. நானே அடிக்கச் சொல்கிறேன்.