சுவருக்கு அந்தப்பக்கம் நாலு தட்டு

ஜிக்மஸ் பெட்ருலிஸ் எங்கள் ஊரில் பதினோரு வருடமாக நீராவிக் குழாய் வேலை பார்த்துவந்தார். பென்சில்வேனியாவின் இந்த நிலக்கரி மலையில் பழைய வீடுகள் எல்லாமே நீராவியில்தான் சூடாகின்றன. அவர் இறங்காத நிலவறை ஊரில் குறைவு. ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் போகமாட்டார். யார் கூப்பிட்டாலும் முதுகு வலி என்பார். உர்சுலா குடியிருந்த தெரு அது.

காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. ஜிக்மஸ் என் கடையில்தான் குழாய் வாங்குவார். எனக்கே வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

1951 மார்ச் 6. சுரங்கத்தில் தீப்பிடித்து நாலு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். உர்சுலாவின் கணவர் லியோனஸ் அதில் ஒருவர். ஜிக்மஸ் மீட்கப் போன குழுவில் இருந்தார். மூன்று நாள் கழித்து, 9-ஆம் தேதி, காற்றுக் குழாயில் காதை வைத்தபோது சத்தம் கேட்டது. நாலு தட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் நாலு. ஆனால் தீ பக்கத்துச் சுரங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்றை நிறுத்தினால்தான் அணையும், வழியை அடைத்துவிடுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். செங்கல் அடுக்கிய மூன்று பேரில் ஜிக்மஸும் ஒருவர்.

மேலே வந்ததும் சுரங்க வாசலில் நின்ற உர்சுலாவிடம், மேலதிகாரி சொல்லச் சொன்னதையே அவர் சொன்னார். "உள்ள ஒரு சத்தமும் இல்லக்கா. முதல் நாளே முடிஞ்சிருக்கும்."

மறு மாதமே சுரங்கத்தை விட்டுவிட்டு மாமனாரிடம் குழாய் வேலைக்குச் சேர்ந்தார்.

1962 நவம்பரில் உர்சுலாவே என் கடைக்கு வந்தாள். ஜிக்மஸ் கல்லாப் பக்கம் நின்று வால்வு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் பாய்லர் தூக்குற. என் வீடுன்னா மட்டும் முதுகு வலிக்குதாக்கும்?"

"வேற ஆள அனுப்புறேன்க்கா."

"ரெண்டு பேரு வந்தானுங்க. பழைய வீடு, சத்தம் போடத்தான் செய்யும்னு சொல்லி காபிய குடிச்சிட்டுப் போயிட்டானுங்க. நீ வா. காலைல எட்டு மணிக்கு பாய்லர் சூடாகும். அப்ப வந்தாத்தான் கேக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் நிலவறையில் அவர் பெட்டியைத் திறப்பதற்குள் பாய்லர் உறுமி, நீராவி ஏறத் தொடங்கியது. வடக்கு மூலையில் குழாய் தட்டியது. நாலு தரம். நின்றது. மறுபடியும் நாலு தரம். ஜிக்மஸ் அப்படியே கரித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து குழாயின்மேல் ரசமட்டத்தை வைத்தார். அந்த வீட்டில் நீராவி மேலே போவதும், குளிர்ந்து தண்ணீராகித் திரும்புவதும் ஒரே குழாயில்தான். பாய்லரை நோக்கிச் சரிவு இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். இங்கே நடுவில் இரண்டு விரற்கடை தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பின்னால் வரும் நீராவி அதை வாரி எடுத்து எல்போ வளைவில் அறைந்தது. வேறொன்றும் இல்லை. ஆனால் குழாய் ஏன் தொய்ந்தது என்று சுவரோரமாகப் பார்த்துக்கொண்டே போனார். சுவரின் வடக்கு மூலையே கீழே இறங்கியிருந்தது. அந்த மூலைக்கு அடியில் ஓடுவது எந்தச் சுரங்கம் என்று அவருக்குத் தெரியும்.

பாய்லரை அணைத்து, குழாய் ஆறும்வரை காத்திருந்து, தொங்கு கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் குழாயைத் தூக்கினார். மேலே போய், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் சரிவுக்காக மரத்துண்டு வைத்தார். மறுபடி பற்றவைத்தபோது நீராவி சீறிக்கொண்டு ஏறியது. தட்டும் சத்தம் இல்லை.

உர்சுலா நிலவறைப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுக்கா."

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சா?"

ஜிக்மஸ் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். அவள் ஊகித்துக் கேட்டாளா, யாராவது சொல்லியிருந்தார்களா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

"நிக்கல. நாங்க கடைசிக் கல்ல வைக்கும்போதும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துது."

"எத்தன தட்டு?"

"நாலு."

"அப்ப ஆளுக்கு ஒண்ணு. நாலு பேரும் உயிரோட இருந்திருக்காங்க."

"ஆமாக்கா."

"நீ திருப்பித் தட்டுனியா?"

"இல்ல."

அவள் படியிலிருந்து எழுந்து வழிவிட்டாள். பிறகு, "பெட்டிய எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மற்ற மூன்று விதவைகளையும் உர்சுலா மாதாகோயில் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள். ஒருத்தி ஜிக்மஸின் வீட்டுக்குப் போய் அவர் முகத்தில் துப்பினாள். அவர் துடைக்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். பாதி வீடுகள் அவரை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. மீதிப் பாதி, குளிர் தாங்காமல் கூப்பிட்டன.

நாலு கல்லறைக் கற்களிலும் இறந்த நாள் மார்ச் 6 என்றுதான் இருந்தது. உர்சுலா கல் வெட்டுகிறவரிடம் போய் அதை மாற்றச் சொன்னாள். என்ன தேதி போட வேண்டும் என்று கேட்டதற்கு, "மார்ச் 9-க்குப் பின்" என்றாள். அப்படியெல்லாம் யாரும் வெட்டுவதில்லை என்றார் அவர்.

"என் புருஷனுக்கு வெட்டுங்க. அந்தப் 'பின்' இல்லாம வெட்டாதீங்க."

மற்ற மூவரில் இரண்டு பேர் அப்படியே வெட்டிக்கொண்டார்கள். மறுமணம் செய்துகொண்டிருந்த ஒருத்தி மட்டும் பழைய கல்லை அப்படியே விட்டுவிட்டாள்.

மறு வருடம் மார்ச் 9 அன்று பூசை வைத்தார்கள். ஜிக்மஸ் வந்து கடைசி வரிசைக்கும் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் வந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, போகவும் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடமும் வந்தார்.