கண் திறந்த படங்கள்

என் வீட்டுக்காரருக்கு இறந்தவர்களின் கண்ணைத் திறப்பதுதான் தொழில். பயப்படாதீர்கள். சில வீடுகளில், ஆள் கண்மூடிய பிறகு எடுத்த போட்டோ ஒன்றுதான் இருக்கும். அதைப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, கண்ணை மட்டும் திறந்த மாதிரி வரைந்து தருவார். பார்த்து வரைய மேஜைமேல் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பார். இடது இமை தொங்கிய அவருடைய கண்தான் ஊரில் எத்தனையோ சுவர்களில் மாட்டியிருக்கிறது.

எனக்கு வேலை தண்ணீர் மீட்டர் பார்ப்பது. வீடு வீடாக ஏறி இறங்குவேன். எங்கே போனாலும் இவர் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் சண்டை போட்ட வாரம் வரைந்த தையல்காரர் இன்றும் என்னை முறைக்கிறார். இவர் வாயைத் திறந்து பேசினால்தானே! கல்லுளிமங்கன். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார்.

எங்கள் மகள் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அடக்கம் முடிந்த மறுநாளே மனிதர் கடைக்குப் படம் வரையப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பதினோரு வருடமாகியும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் எனக்குப் புதுத் தெரு கொடுத்தார்கள். முதல் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரியவர் படம். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அதே இமை.

"படம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் அவர் மனைவி. "ஆனா யார் முகத்தையும் பாக்க மாட்டேங்குது. கீழ எதையோ தேடிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரர் பார்வையே இது இல்ல. தனியா இருக்க பயமாயிருக்கு."

என் வீட்டுக்காரர் எல்லாப் படத்தின் பின்னாலும் வரைந்த தேதி எழுதுவார். திருப்பிப் பார்த்தேன். எங்கள் மகளின் அடக்கத்துக்கு மறுநாள்.

படத்தை மாட்டிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன். நாலு வயதுப் பிள்ளையின் உயரம். அந்தக் கண்கள் நேராக என்னைப் பார்த்தன. அழுது சிவந்த கண்கள். அந்த அம்மாள் பதறிப்போனார். நான் மீட்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தரையில் மெல்ல முட்டி போட்டேன். அவர் பார்வை கீழே இறங்கி என் முகத்தில் நின்றது.

"வந்துட்டியாம்மா?" என்றார்.

என்னை அவர் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மகளைத்தான் கூப்பிடுவார்.

"வந்துட்டேம்ப்பா," என்றேன்.