யானைக்கு எத்தனை மில்லிமீட்டர்

ஜெர்மனியில் நான் வேலைக்குப் போகும் பஸ் சில காலைகளில் நடுவழியில் நின்றுவிடும். சாலையை ஒரு மான் கடந்துகொண்டிருக்கும். டிரைவர் எஞ்சினை அணைப்பார். பயணிகள் சிரித்த முகத்தோடு போனைத் தூக்குவார்கள். எனக்கு மட்டும், இது யார் வயலை மேய்ந்துவிட்டு வருகிறதோ என்று தோன்றும். போடிமெட்டுச் சாலையிலும் ஜீப்பு இப்படி நின்றதுண்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு நானும் அம்மாவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். கொண்டை ஊசி வளைவில் காட்டுமாடு நின்றால் டிரைவர் எஞ்சினை அணைப்பார். அம்மா என் வாயைப் பொத்துவாள். அந்த ஜீப்பில் யாரும் சிரித்ததில்லை.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். வீடு போடியில், அண்ணனின் வாழைத் தோட்டம் தேவாரத்துப் பக்கம் மலையடிவாரத்தில். விடியும் நேரத்தில் யானை இறங்கி வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும். வனத்துறை அலுவலகத்துக்கு நஷ்டஈடு கேட்டுப் போனால் போட்டோ கேட்கிறார்கள். அண்ணன் போனில் எடுத்துக் கொடுத்த படத்தை, கறுப்பாக ஏதோ தெரிகிறது, யானையா பாறையா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்களாம். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"இன்னுங் கொஞ்சம் கிட்டப் போயி எடுக்கணும்த்தா. வேறென்ன செய்ய."

நாற்காலியில் உட்கார்ந்து படம் கேட்கிறவருக்கு யானையின் கால் நீளம் தெரியுமா? அந்த வாரமே கேமரா கடைக்குப் போனேன். புது மாடல்களுக்கு எல்லோரும் மாறிவிட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. என்ன எடுக்கப் போகிறீர்கள் என்றார் கடைக்காரர். யானை என்றேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. சஃபாரியா, எந்த லாட்ஜ் என்று கேட்டார். என் அண்ணனின் வாழைத் தோட்டம் என்றேன். அண்ணன் அங்கே லாட்ஜ் நடத்துவதாக எடுத்துக்கொண்டு, அறைகளுக்கு பால்கனி உண்டா என்றார். விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை, பொறுமையும் இல்லை.

ஆனால் தொழில் தெரிந்தவர். கேமரா பாடி பழையதாக இருக்கட்டும், காசை லென்ஸில் போடுங்கள் என்றார். என் கையிருப்புக்கு, மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும் லென்ஸ் வேண்டுமானால் தூரம் எட்டாது. தூரம் எட்டும் முந்நூறு மில்லிமீட்டர் ஜூம் வேண்டுமானால் விடியல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். படம் எப்படியும் வரட்டும், அண்ணன் முழுசாக வீடு திரும்பினால் போதும் என்று ஜூமை எடுத்தேன். பாடியோடு சேர்த்து விற்கும் சின்ன லென்ஸை, கிட்டத்தில் எடுக்கிற சோலியே வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

விடுமுறைக்குப் போனபோது கேமராவைக் கையோடு கொண்டுபோய் அண்ணனுக்குப் பழக்கினேன். தோட்டத்துக்குள் இறங்கக் கூடாது, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் மாடியில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். நான் திரும்பி வந்த கொஞ்ச நாளில் படம் வந்தது. படம் முழுக்க யானை. வெயில் வந்தபிறகும் அது நின்றிருந்ததால் இமை மயிர்கூடத் தெரிந்தது. இல்லத்தில் காட்டியதும் மேலாளர் அம்மா, எவ்வளவு அமைதி என்று உருகிப்போனார். பெரிதாக அச்சிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஊரில் வனத்துறைக்காரர்கள் அதே படத்தைப் பார்த்துவிட்டு, யானை சரி, இது உன் தோட்டம்தான் என்று எப்படி நம்புவது என்றார்களாம். சாய்ந்த வாழையும் எல்லைக் கல்லும் யானையும் ஒரே படத்தில் வேண்டுமாம். அண்ணன் ஜூமைக் குறைத்துப் பார்த்திருக்கிறான். மாடியிலிருந்து எல்லைக் கல்லைத் தென்னைகள் மறைத்துவிட்டன. கிட்டத்தில் எடுக்கிற லென்ஸைத்தான் நான் வாங்கித் தரவில்லையே. பழையபடி போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டான். அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கும் அனுப்பிவிட்டு, நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த அலுவலகத்தை, அந்தக் கடைக்காரரை, அவனை. அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

"நீ அங்கன இருந்து கத்துற ஆத்தா. யானை இங்கனதான இருக்கு."

எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது.

நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூதாட்டிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். சுவரைக் காட்டி, அதுதான் உன் ஊரா, அழகாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். அந்தப் படத்தில் எங்கள் மண் ஒரு கையகலம்கூட இல்லை. மண் இருக்கிற படம் என் சட்டைப்பையில், போனுக்குள் இருந்தது. அதில் எல்லைக் கல் இருக்கிறது, சாய்ந்த வாழைகள் இருக்கின்றன, யானை நிற்கிறது. அண்ணனுக்குப் பின்னாலிருந்து அடித்த காலை வெயிலில் அவன் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. அந்த நிழலின் தலை, யானையின் முன்னங்காலுக்கு அடியில் இருக்கிறது.