அப்பாவிடம் கேட்ட கேள்விகள்

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் பெயர் போட்டு வந்த முதல் கடிதம் அதுதான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, இரண்டு வருஷமாக வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. அங்கே டெலிபோன் போர்டில் உட்கார்ந்து லைன் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆண்கள் கிடைக்காத காலம். பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் படித்த கான்வென்ட் பள்ளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சர் என்னைக் கேட்காமலேயே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ என்று கடிதம் சொன்னது.

அப்பா ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பஜாரில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். யுத்தத்தில் கொழும்புக்குப் போகிற தோணிகள் குறைந்துபோய், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“டெலிபோன்னா அதுல கொரல் மட்டுந்தான கேக்கும்? ஆளப் பாக்க மாட்டாங்கல்லா?” என்றார்.

“ஆமாப்பா.”

“அப்பம் போகட்டும்” என்றார் அம்மாவைப் பார்த்து.

எனக்கு டெலிபோன் எப்படி இருக்கும் என்றே சரியாகத் தெரியாது. தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. இதை வீட்டில் சொன்னதும் என் அண்ணன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். அவன் அதற்குள் இரண்டு இன்டர்வியூவுக்குப் போய் இரண்டிலும் வேலை கிடைக்காமல் திரும்பியவன். அதனாலேயே இந்த விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பினான்.

“ஏளா, உள்ள போனதும் குட்மார்னிங் சொல்லணும். உக்காருன்னு சொல்லுத வரைக்கும் உக்காரப்பிடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா வாயத் தொறந்தேன்னா முடிஞ்சுது சோலி.”

“நீ வாயத் தொறந்தியாக்கும்?”

“அதுனாலதான சொல்லுதேன்.”

தினமும் மத்தியானம் அவன் புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வான். நான் அடுப்பங்கரையில் நிற்பேன். அவன் “ஹலோ” என்பான். நான் “நம்பர் ப்ளீஸ்” என்பேன். அவன் ஒரு நம்பர் சொல்வான். அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கடல்காற்றில் பாதி நம்பர் காதில் விழாது. தப்பாகச் சொன்னால் சுவருக்கு மேலே அவன் தலை வரும். “ஃபைவ்னா சொன்னேன்? நைன்! காது அவிஞ்சு போச்சா?” என்று கத்துவான். அம்மா உரலில் மாவு ஆட்டிக்கொண்டே, “அக்கம்பக்கத்துல பிள்ளைக்குப் பேய் புடிச்சிருக்குன்னு சொல்லப்போறாங்க” என்பாள்.

நிஜ டெலிபோனை ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எங்களுக்குத் தெரிந்தவர்களில் உப்பு வியாபாரி அண்ணாச்சி ஒருவர் கடையில்தான் அது இருந்தது. அண்ணன் என்னைக் கூட்டிப்போனான். அண்ணாச்சி அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். துண்டை எடுத்துவிட்டு, “தொட்டுப் பாத்துக்கோம்மா. பேசப்பிடாது. எக்ஸ்சேஞ்சுல இருக்கவன் ஒரு மாதிரி. வெளையாட்டுக்கு எடுத்தாக் கோவப்படுவான்” என்றார்.

நான் ரிசீவரைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

“ஒரு தடவ நம்பர் கேக்கட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம்மா, வேண்டாம்மா.”

கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் அண்ணாச்சிக்கே ஒரு இடத்துக்குப் பேச வேண்டி வந்தது. பெட்டியின் பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றிவிட்டு ரிசீவரை என் காதருகே கொண்டுவந்தார். உள்ளே ஒரு ஆள் தூக்கக் கலக்கத்தில், “நம்பர்?” என்றான். அவ்வளவுதான். ப்ளீஸ் இல்லை. அண்ணாச்சி ரிசீவரைப் பிடுங்கி, டெலிபோனே தேவையில்லாத அளவுக்குக் கத்திப் பேச ஆரம்பித்தார். நான் நாலு நாளாகப் பயின்ற குரலை அந்தக் கருவிக்குள் ஒரு முறைகூடச் செலுத்த முடியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு சேலைத் தகராறு. டீச்சர் வெள்ளை வாயில் துணிச் சேலை கட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். அம்மா, “நல்ல காரியத்துக்குப் போற பிள்ள வெள்ள கட்டிக்கிட்டா போவா?” என்று குதித்தாள். அவளுடைய கல்யாணப் பட்டை எடுத்து வெளியே வைத்தாள். அண்ணன் பட்டைப் பார்த்துவிட்டு, வேலை கேட்டுப் போகிறாளா, பந்திக்குப் போகிறாளா என்றான். புதிதாக எடுக்கலாம் என்றால் சர்க்கார் அளந்து கொடுக்கிற கண்ட்ரோல் துணிதான். முரட்டுத் துணி, அதுவும் நாம் கேட்டபோது கிடைக்காது. கடைசியில் அடுத்த வீட்டு அக்கா, மாதா கோயில் திருநாளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த இளநீலச் சேலையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “கறை பட்டுச்சுன்னா பாத்துக்க” என்றாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே நானும் அப்பாவும் கம்பெனி வாசலில் நின்றோம். அண்ணன்தான் கூட வருவதாக இருந்தது. முந்தின நாள் அப்பா, “பொம்பளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குத் தகப்பன் இருக்கயில நீ எதுக்குல?” என்று சொல்லிவிட்டார். அவர் சலவைச் சட்டை போட்டு, தோளில் மடித்த அங்கவஸ்திரம் போட்டிருந்தார். என்னைவிட அவர்தான் இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

எங்களை வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பத்து மணி என்று எழுதியிருந்தார்கள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் சங்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த சதை அழுகுகிற நாற்றம் காற்றடிக்கும்போதெல்லாம் முகத்தில் அறைந்தது. தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சேலையில் அழுக்குப் படக்கூடாதென்று பெஞ்சின் விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. என்னோடு இன்னும் மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் போய்விட்டு வந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று ஒருத்தியிடம் கேட்டேன். “ஒன்னும் கேக்கலியே” என்றாள். அவள் சொல்ல விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மணிக்கு மேல் எங்களைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், மேனேஜர். அவர் பக்கத்தில் நம்மூர்க்காரரான ஹெட் கிளார்க், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டில். நான் “குட்மார்னிங் சார்” என்றேன். சொன்ன பிறகுதான் மத்தியானம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. மேனேஜர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஹெட் கிளார்க் அப்பாவுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். எனக்கு யாரும் காட்டவில்லை. உட்காரச் சொல்லாமல் உட்காரக் கூடாதே, நின்றேன்.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தபடியே, இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் பேச வருமா என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் ஹெட் கிளார்க் அப்பா பக்கம் திரும்பினார்.

“பொண்ணு இங்கிலீஷ் பேசுமான்னு துரை கேக்கறார்.”

“நல்லாப் பேசுவா. கான்வென்ட்டுல படிச்ச பிள்ளலா” என்றார் அப்பா.

ஹெட் கிளார்க் மேனேஜரிடம், கொஞ்சம் சமாளிப்பாளாம் என்று இங்கிலீஷில் சொன்னார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இங்கிலீஷ் வருமா என்பதை இங்கிலீஷ் தெரியாத அப்பாவிடம் கேட்கிறார்கள். பதிலை அரைகுறையாக்கித் திருப்பிச் சொல்கிறார்கள். நடுவில் நான் இரண்டு பாஷையும் தெரிந்துகொண்டு கம்பம் மாதிரி நிற்கிறேன். இருந்தாலும் அண்ணன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லையே, நானாக எப்படி வாய் திறப்பது?

அடுத்தது, சாயந்தரம் ஆறு மணி வரை இருக்க வேண்டிவரும், முடியுமா என்ற கேள்வி. அதுவும் அப்பாவுக்குத்தான் போயிற்று. அப்பா, “இருப்பா, நான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்” என்றார். ஹெட் கிளார்க், தகப்பனாருக்குத் தயக்கமாக இருக்கிறது என்றார். அவர் வேண்டுமென்றே செய்தாரா, அவருக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவதாக மேனேஜர் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்பம் ஒண்ணும் பாக்கல. இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்னு இருக்கோம்” என்றார். நிஜத்தில் அப்படி ஒரு முடிவை அவர் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை. எனக்காக அந்த இடத்திலேயே எடுத்த முடிவு அது என்று நினைக்கிறேன்.

ஹெட் கிளார்க் மேனேஜரிடம் திரும்பி, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், சீக்கிரமே முடிந்துவிடுமாம் என்றார். மேனேஜர் பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், என் அப்பா அப்படிச் சொல்லவில்லை” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

மேனேஜர் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “ஓ” என்றார். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவரோ ஹெட் கிளார்க் பக்கம் திரும்பினார். ஹெட் கிளார்க்கின் முகம் கறுத்துப்போயிருந்தது. “பெரியவங்க பேசிக்கிட்டிருக்கும்போது இது என்ன பழக்கம்?” என்று தமிழில் என்னிடம் கேட்டார். அந்த அறையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “தேங்க் யூ” என்றார். வெளியே வந்துவிட்டோம்.

சாலைக்கு வந்ததும் அப்பா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “நான் சொன்னதுல என்னளா தப்பு? எதுக்கு அங்கன வச்சு என்னைய மறுத்துப் பேசுன?” என்றார்.

அப்பாவுக்காகப் பேசினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ‘ஃபாதர்’, ‘நாட்’ என்ற வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார். நடுச்சாலையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெட் கிளார்க் என்ன சொன்னார் என்பதை ஒவ்வொன்றாக விளக்கினேன். அப்பா நின்றுவிட்டார்.

“அப்பம் அதத் தமிழ்ல என்ட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் கேட்டிருப்பேனே அவர!” என்றார். பிறகு தனக்குத்தானே, “அவரு சொன்னது எனக்கு என்ன தெரியும்” என்று முனகினார். அவர் கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வேகமாக முன்னால் நடந்தார்.

அன்று சாயந்தரம் சேலையை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. நான் சொன்ன அந்த ஒரே இங்கிலீஷ் வாக்கியத்திலும் தப்பு. “டிட் நாட் ஸே” என்று வரவேண்டிய இடத்தில் “டிட் நாட் செட்” என்று சொல்லியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பு. சொந்த ஊரைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஏன் இந்த வேலையை விரும்புகிறேன் என்பது பற்றி அத்தனை வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. சேலையை அப்படியே போட்டுவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று வாரம் தபால்காரரை எதிர்பார்த்தேன். கடிதம் வரவில்லை. அப்பா கடையை அடைத்துவிட்டுத் தானே போய் ஹெட் கிளார்க்கைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகுதான் சொன்னார்.

“பிள்ள கெட்டிக்காரியாம். ஆனா டெலிபோன்ல ரெண்டு பேரு பேசும்போது நடுவுல இருக்கவ குறுக்க பேசப்பிடாதாம். அந்தக் கொணம் ஒனக்கு ஒத்துவராதாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்ல? வாரேன்னுட்டு வந்தேன்.”

ஐந்தாறு மாதம் கழித்து ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை யாரும் கூட வரக் கூடாது, நான் மட்டும்தான் போவேன் என்று சொன்னேன். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு, தெருமுனை வரை வந்து நின்றுகொள்கிறேன் என்று அப்பா இறங்கிவந்தார். உள்ளே போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். என் சர்டிபிகேட்டைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “கூட யாரும் வரலியாம்மா?” என்றார்.

“அப்பா வெளிய நிக்காங்க சார்” என்றேன். பொய் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பியூனை விட்டு அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலேயே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். ஒவ்வொன்றையும் நன்றாகவே சொன்னார். நான் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் ஒரே சந்தோஷம். அம்மா கருப்பட்டி போட்டுப் பாயசம் வைத்தாள். அடுத்த வீட்டு அக்காவுக்கும் ஒரு செம்பு போயிற்று. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு தம்ளர் குடித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “திருப்திதானளா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் எல்லாவற்றையும் என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்ட கோபம் உள்ளே அப்படியே இருந்தது. அந்த வேலையில் மூன்று வருஷம் இருந்தேன். அந்தக் கோபம் கடைசிவரை முழுசாகப் போகவில்லை.