ரிஜிஸ்தரில் நான் எழுதிய ‘சுகம்’

அறுபதுகளின் தொடக்கம். கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு கடலோர ஊரில் நர்ஸாக இருந்தேன். காசநோய்க்காரர்களுக்கு வீடு வீடாகப் போய் ஊசி போடுவதும், அந்த மருந்து அவர்களை என்ன செய்கிறது என்று ரிஜிஸ்தரில் எழுதுவதும் என் வேலை. ஊசியைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

எனக்கோ எப்போதும் அவசரம். மருந்தை ஏற்றிக்கொண்டே “நல்லா இருக்கீங்களா?” என்பேன். “நல்லா இருக்கேங்க” என்பார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் ஏது? ‘சுகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பறப்பேன். என் ரிஜிஸ்தர் போல் சுத்தமாக யாரும் எழுதுவதில்லை என்று பெருமை வேறு!

ஒருநாள் காலை ஒரு மீனவர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கே குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. உள்ளே, நடக்கப் பழகும் பிள்ளை எரிகிற அடுப்போரம் விழுந்து கிடந்தது. என்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் அதன் அம்மா, கொல்லைக் கதவருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. பிள்ளையின் சட்டை நுனிக்கும் தீக்கும் அரைச் சாண்தான் இடைவெளி. பாய்ந்து தூக்கினேன். நான் தோளைத் தொட்ட பிறகுதான் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டேன். ஒரு மாதமாகவே காதில் ஓயாத இரைச்சலாம். எழுந்தால் தலை சுற்றுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“இருமல் நின்னுருச்சு, நல்லாத்தானே இருக்கேன்? காதைப் பத்தி நீங்க கேக்கலையே, நர்சம்மா.”

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ரிஜிஸ்தரைப் புரட்டினேன். அவள் பெயருக்கு நேரே வரிசையாக ‘சுகம்’. மேலும் கீழும் எல்லாப் பெயருக்கும் அதேதான். இன்னும் எத்தனை பேருக்கு இப்படியோ!

ஓடிப்போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடுமே என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பயம். அவர் அவளுக்கு ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அன்றே வீடு வீடாகக் கிளம்பினார். காது இரைகிறதா, நடந்தால் தள்ளாடுகிறதா என்று இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொரு வாசலிலும் பதில் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பம் என்பதால் மருந்தை மாற்றியதும் தப்பித்தார்கள்.

அந்தத் தாய்க்கு மட்டும் போன காது திரும்ப வரவே இல்லை. என்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. பார்க்கும்போதெல்லாம் சிரித்தபடி டீ வைத்துக் கொடுப்பாள். அதைக் குடிக்க முடியாமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

இன்றைக்கும் யாராவது “நல்லா இருக்கேன்” என்றால், அடுத்த கேள்வியைக் கேட்காமல் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.